இழுத்தாலும் அகலாத சன்னல்: கணினித் திரையில் தமிழுக்கு எவ்வளவு இடம்?



இந்த முறை ஒரு சிறுகதையையோ கவிதையையோ திறனாய்வு செய்யப் போவதில்லை. நாம் தினமும் பார்த்துச் சலித்துப்போன ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். கணினியில் ஒரு நிரலைத் திறக்கிறீர்கள். ஒரு சன்னல் வருகிறது. ஓரத்தைப் பிடித்து இழுக்கிறீர்கள்; அகலவில்லை. மேல் மூலையில் பெரிதாக்கும் சதுரக் குறி மங்கிக் கிடக்கிறது. உள்ளே எழுத்து பாதி தெரிகிறது, பொத்தான் பாதி தெரிகிறது. "சரி, இது இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் வாதம். ஏன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அதில் தவறு என் பக்கமும் இருக்கிறது.

"பட்டன் காணோம், டீச்சர்"

பள்ளி விடுமுறையில் படிவம் 5 மாணவர்களுக்கு இலக்கணப் பயிற்சி ஒன்று கொடுத்திருந்தேன். கணினியில் செய்யும் பயிற்சி. நிரலின் பெயர் இங்கே வேண்டாம். மொத்தம் 40 கேள்விகள். கடைசியில் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தினால் விடைகள் என்னிடம் வந்து சேரும். இடையில் சேமிக்கும் வசதி கிடையாது.

ஒரு மாணவி சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே இருக்கிறாள். அவள் தாத்தா காலத்தில் அது கித்தாத் தோட்டம். இப்போது சுற்றிலும் செம்பனை. வீட்டில் ஈப்போவில் வாங்கிய பழைய மடிக்கணினி ஒன்று. அப்பாவும் அதில்தான் படிவங்களைப் பார்ப்பார், அண்ணனும் அதில்தான் வேலை தேடுவான். அவள் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், எல்லாம் செஞ்சிட்டேன். அனுப்புற பட்டன் காணோம்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா பாரும்மா, கீழேதான் இருக்கும்." அத்தோடு வைத்துவிட்டேன். விடை வரவில்லை. பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ‘செய்யவில்லை’ என்று எழுதினேன்.

பள்ளி திறந்ததும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பயிற்சியை மூன்று முறை முழுதாகச் செய்திருக்கிறாள். மூன்று முறையும் பொத்தான் இல்லை. "எனக்குக் கம்பியூட்டர் சரிப்படாது டீச்சர்" என்றாள். அதற்கு முன்பு, ஈப்போவில் 1969 முதல் இருக்கும் உங்கு ஓமார் போலிடெக்னிக்கில் கணினி படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அவள்.

திறந்து பார்த்தேன். பொத்தான் இருக்கத்தான் செய்தது. திரைக்குக் கீழே, யாருக்கும் தெரியாத இடத்தில்.

கணக்கு மிகவும் எளிது. நிரலின் சன்னல் 700 புள்ளி உயரம் என்று நிலையாக அமைக்கப்பட்டிருந்தது. அவள் மடிக்கணினித் திரை 1366 × 768. சாதாரணமாக அதில் சன்னல் அடங்கிவிடும். ஆனால், அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாததால் திரையின் அளவை 125 விழுக்காட்டுக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். 700இன் 125 விழுக்காடு 875. திரையின் உயரம் 768; அதில் டாஸ்க்பார் 50 புள்ளியைப் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் 718. ஆக 157 புள்ளி திரைக்கு வெளியே போய்விட்டது. பொத்தான் இருந்தது அந்த 157க்குள். சன்னலைச் சுருக்கவும் முடியாது, உள்ளே உருட்டவும் முடியாது. தலைப்புப் பட்டையைச் சுட்டியால் பிடித்து மேலே தள்ளினாலும் திரையின் மேல்விளிம்போடு நின்றுவிடும்.

இதில் அவள் செய்த தவறு என்ன? ஒன்றும் இல்லை. நிரலை எழுதியவர் தன் திரையை மட்டும் பார்த்தார். நான் என் திரையை மட்டும் பார்த்தேன்.

முதலில் கைமருந்து

விமர்சனத்துக்குப் போவதற்கு முன், இந்த நிலை உங்களுக்கோ உங்கள் மாணவர்களுக்கோ வந்தால் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் கணினிக்கான வழிகள் இவை. வரிசையாக முயன்று பாருங்கள்.

1. சன்னலை மூடாதீர்கள். ‘எஸ்கேப்’ விசையையும் அழுத்தாதீர்கள்; பெரும்பாலான சன்னல்களில் அது ‘ரத்து’ என்று பொருள். செய்த வேலை போய்விடும்.

2. ‘டேப்’ விசையை அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கவனம் அடுத்த பெட்டிக்கோ பொத்தானுக்கோ நகரும். கண்ணுக்குத் தெரியாத பொத்தானுக்கும் அது போகும். கடைசிப் பெட்டிக்குப் பிறகு ஒருமுறை ‘டேப்’, பிறகு ‘எண்டர்’. பல வேளைகளில் வேலை முடிந்துவிடும். ஆனால், முதல் பொத்தான் ‘ரத்து’ ஆகவும் இருக்கலாம். அதனால், வேறொரு கணினியில் பொத்தான்களின் வரிசையைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

3. ‘ஆல்ட்’ விசையோடு ‘ஸ்பேஸ் பார்’ அழுத்தினால் சன்னலின் மூலையில் ஒரு சிறு பட்டியல் விரியும். அதில் நகர்த்துவதற்கான வரியைத் தேர்ந்தெடுங்கள்; ஆங்கில விண்டோஸில் ‘எம்’ எழுத்தை அழுத்தினால் போதும். பிறகு மேல்நோக்கிய அம்புக்குறி. சுட்டியால் முடியாததை இது பல நேரம் செய்துவிடும். சில நிரல்களில் சன்னல் மறுபடி கீழே குதிக்கும். அப்போது அடுத்த வழி.

4. திரை அமைப்புக்குப் போய் அளவை 100 விழுக்காட்டுக்குக் குறையுங்கள். எங்கள் மாணவிக்கு உதவியது இதுதான். வேலை முடிந்ததும் மறுபடி ஏற்றிவிடலாம். சில நிரல்களை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும் என்பதால், பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது.

5. டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைத்தால் சுமார் 40, 50 புள்ளி கிடைக்கும். சில வேளை அதுவே போதும்.

6. ஒன்றும் நடக்கவில்லையா? திரை அமைப்பிலேயே திரையை நிமிர்த்தி வைக்கலாம். 1366 × 768 திரை 768 × 1366 ஆகிவிடும். தலையைச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும், ஆனால் உயரம் தாராளம். 15 விநாடிக்குள் உறுதி செய்யாவிட்டால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதனால் பயப்பட வேண்டாம்.

7. தொலைக்காட்சியையோ பெரிய திரையையோ இணைத்திருந்தால், விண்டோஸ் விசை, ‘ஷிஃப்ட்’, பக்க அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சன்னல் அந்தத் திரைக்குத் தாவும்.

உலாவியில் நடக்கும் பயிற்சி என்றால் ‘கண்ட்ரோல்’ விசையோடு கழித்தல் குறியை அழுத்தினால் பக்கம் சிறிதாகும். குரோம்புக் வைத்திருப்போர் அதோடு ‘ஷிஃப்ட்’ விசையையும் சேர்த்தால் முழுத் திரையின் அளவும் மாறும்.

இவை எல்லாம் கைமருந்துதான். நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

சன்னல் என்ற சொல்லிடம் கேட்போம்

நாம் தமிழாசிரியர்கள். சொல்லில் இருந்து தொடங்குவது நமக்குப் பழக்கம். இன்று நாம் பேச்சில் சொல்லும் சன்னல் போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. அதற்கு முன்பே நம்மிடம் ‘காலதர்’ இருந்தது. சிலப்பதிகாரத்தில் வரும் சொல். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. ‘பலகணி’ என்று இன்னொரு சொல். பல கண்களை உடையது. ஆங்கிலத்தில் ‘விண்டோ’ என்பதன் மூலமும் பழைய நார்ஸ் மொழியில் ‘காற்றின் கண்’ என்றே பொருள்படும். கடல் தாண்டிய இரண்டு மொழிகளும் சன்னலைச் சுவரோடு சேர்த்துப் பார்க்கவில்லை. காற்றோடும் கண்ணோடும் சேர்த்தே பார்த்திருக்கின்றன.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்ப மாறாத ஒரு சன்னல் தன் பெயருக்கே பொருந்தவில்லை.

யாருடைய அளவு அது?

அளவு மாறாத சன்னல் ஏன் உருவாகிறது? நிரலாளர் சோம்பேறி என்பதால் மட்டும் அல்ல. சன்னல் பெரிதானால் உள்ளே இருக்கும் பெட்டி எங்கே நகர வேண்டும், பொத்தான் எந்த ஓரத்தோடு ஒட்டி இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுத வேண்டும். அளவை நிலையாக வைத்துவிட்டால் அந்த வேலை மிச்சம். ஒவ்வொரு பொருளையும் இத்தனாவது புள்ளியில் வை என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

ஆனால், அந்த அளவு எதை வைத்து எடுக்கப்பட்டது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. விண்டோஸின் பழைய உரையாடல் சன்னல்கள் தனி அலகு ஒன்றால் அளக்கப்படுகின்றன. சன்னலின் எழுத்துருவில் ஓர் எழுத்தின் சராசரி அகலத்தில் கால் பங்கு ஓர் அலகு. உயரத்தில் எட்டில் ஒரு பங்கு ஓர் அலகு. சராசரி எடுக்கப்படுவது ஆங்கில எழுத்துகளில் இருந்து. நம்முடைய ணை, ஞௌ எல்லாம் அந்தச் சராசரியில் இல்லை.

விளைவைப் பாருங்கள். ‘எடிட்’ ஆங்கிலத்தில் 4 எழுத்து. ‘திருத்து’ அந்த இடத்தில் நெருக்கியடித்து உட்காரும். ‘அப்ளை’ 5 எழுத்து. ‘செயல்படுத்து’ வெளியே வழியும். ‘ஆப்ஷன்ஸ்’ 7 எழுத்து. ‘விருப்பத்தேர்வுகள்’ என்பதில் ‘விருப்பத்’ வரைதான் தெரியும். தமிழ் எப்போதும் நீளம் என்று சொல்ல மாட்டேன். ‘சேமி’, ‘சரி’ எல்லாம் அழகாக அடங்கும். இது தமிழுக்கு மட்டும் உள்ள சிக்கலும் இல்லை. மலாயில் ‘செத்தெருஸ்ஞா’ என்று போட்டுப் பாருங்கள், ‘நெக்ஸ்ட்’ இருந்த பொத்தானில் இடம் போதாது. ஐபிஎம் நிறுவனத்தின் பழைய வழிகாட்டி ஒன்று, ஆங்கிலத்தில் 10 எழுத்துக்குள் அடங்கும் சொல்லை மொழிபெயர்க்கும்போது 200 முதல் 300 விழுக்காடு இடம் ஒதுக்கச் சொல்கிறது. அதாவது பிரச்சினை தெரிந்ததுதான். தீர்வும் தெரிந்ததுதான்.

அகலத்தை விட உயரம் நமக்கு இன்னும் முக்கியம். தமிழ் எழுத்து மேலும் வளரும், கீழும் வளரும். மேலே புள்ளி, விசிறி. கீழே உகரத்தின் கால். நிலையான உயரம் கொண்ட வரியில் மேல்பகுதி நறுக்கப்பட்டால் முதலில் போவது புள்ளி. ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். கீழ்ப்பகுதி நறுக்கப்பட்டால் ‘பு’ என்பது ‘ப’ போலத் தெரியும். ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு மை போடும் நாம், மாணவனுக்கு ஒற்றே தெரியாத திரையில் இலக்கணப் பயிற்சி கொடுத்துவிட்டுப் பிழை என்றால் அது எந்த நியாயம்?

ஓர் எடுத்துக்காட்டு: எழுத்துகளைக் காட்டும் சன்னல்

எல்லாருடைய விண்டோஸ் கணினியிலும் இருக்கும் ஒரு நிரலைப் பார்ப்போம். தேடும் இடத்தில் ‘கேரக்டர் மேப்’ என்று தட்டினால் வரும். எழுத்துருவில் உள்ள எழுத்துகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் சன்னல் அது. விண்டோஸ் 3.1 வெளிவந்த 1992 முதல் இருக்கிறது.

இன்றும் அதன் ஓரத்தை இழுத்தால் அகலாது. 20 பத்தி, 10 வரிசை. ஒரே நேரத்தில் 200 கட்டம். லதா அல்லது நிர்மலா எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துத் தமிழ்ப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். ன, ண இரண்டுக்கும் வேறுபாடு தெரிய ஒவ்வொன்றையும் சொடுக்கிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். புள்ளியோ ஒரு தூசி போலத் தெரியும்.

1992இல் இது குறை என்று சொல்ல மாட்டேன். அன்றைக்குப் பரவலாக இருந்த திரை 640 × 480. அதில் எந்தச் சன்னலையும் அதிகம் அகட்ட இடமில்லை. திரை வளர்ந்துவிட்டது, யூனிகோடு வந்துவிட்டது, தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதியும் கிடைத்துவிட்டது. சன்னல் மட்டும் வளரவில்லை. எழுத்தைப் பார்ப்பதற்கென்றே செய்த ஒரு நிரல், எழுத்தை வேண்டிய அளவில் பார்க்க விடவில்லை என்றால் அது தன் நோக்கத்திலேயே பாதியில் நிற்கிறது என்பதே என் மதிப்பீடு.

அதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். எழுத்தைச் சொடுக்கினால் பெரிதாகக் காட்டுகிறது; கீழே அந்த எழுத்தின் யூனிகோடு எண்ணையும் பெயரையும் தருகிறது. உயிர்மெய் எழுத்துகள் தனித்தனியாக இல்லாமல், மெய்யெழுத்துக்குரிய அகரமேறிய வடிவமும் உயிர்க்குறியும் சேர்ந்தே உருவாகின்றன என்பதை வகுப்பில் காட்ட இதைவிட எளிய கருவி இல்லை. அதனால்தான் குறை உறுத்துகிறது.

எதிர்வாதமும் இருக்கிறது

‘எல்லாச் சன்னலும் அகல வேண்டுமா?’ என்று கேட்பீர்கள். வேண்டாம். ‘சேமிக்கவா? ஆம், இல்லை’ என்று கேட்கும் சன்னலை அகட்டி என்ன செய்யப் போகிறோம்? கணக்குப்பொறி நிலையாக இருந்தால் விசைகள் கைக்குப் பழகும். கணினித் தேர்வு நிரல்கள் மாணவன் வேறு எங்கும் போகாதிருக்க வேண்டுமென்றே முழுத் திரையைப் பூட்டி வைக்கும். அதற்கும் காரணம் இருக்கிறது.

ஆகவே நான் வைக்கும் அளவுகோல் இது. ஒரு சன்னல் உள்ளே என்ன வைத்திருக்கிறது? பட்டியலோ பத்தியோ மாணவன் எழுதும் விடையோ இருந்தால் அது அகல வேண்டும். இல்லையேல் உள்ளே உருட்டவாவது முடிய வேண்டும். ஒரு வரிக் கேள்வியும் இரண்டு பொத்தானும் மட்டும் என்றால் நிலையாக இருக்கட்டும். ஆனால், எந்தத் திரையிலும் பொத்தான் வெளியே போகக் கூடாது.

இது என் சொந்த ஆசை மட்டும் அல்ல. இணையப் பக்கங்களுக்கான உலகளாவிய அணுகல் வழிகாட்டியில், எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கம் இழக்கப்படக் கூடாது என்ற விதி 2008 முதல் இருக்கிறது. 2018இல் வந்த பதிப்பு, குறுகிய திரையிலும் உள்ளடக்கம் மடிந்து அடங்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது. கண் மங்கிய அந்த அப்பாவைப் போன்றவர்களை நினைத்து எழுதிய விதிகள் இவை. அவர் எழுத்தைப் பெரிதாக்கியதற்கு மகள் தண்டனை பெற்றாள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நாம் செய்யும் சன்னல்கள்

இப்போது விரலை நம் பக்கம் திருப்புகிறேன். நிரலாளரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது.

‘இக்கருத்தை விளக்குக’ என்று கேட்டுவிட்டு இரண்டு கோடு மட்டும் போட்ட பயிற்சித்தாள் நாம் எத்தனை தயாரித்திருக்கிறோம்? இணையப் படிவத்தில் நீண்ட விடைக்குரிய இடத்தில் ஒரு வரிப் பெட்டியை வைத்ததில்லையா? நான் வைத்திருக்கிறேன். பிறகு விடைகளை வாசித்தபோது எல்லாரும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் எழுதியிருந்தார்கள். சிந்தனை அவ்வளவுதான் என்று நினைத்தேன். பெட்டி அவ்வளவுதான் என்பது பின்னால்தான் உறைத்தது. பிள்ளைகள் பெட்டிக்கு ஏற்றபடி கருத்தை வெட்டிக்கொள்கிறார்கள். யாரும் வெட்டச் சொல்லவில்லை. இடம் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

ஆகவே, ஒரு மென்பொருளையோ மின்பயிற்சியையோ வகுப்புக்குக் கொண்டு போகும் முன் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. 1366 × 768 திரையில், 125 விழுக்காட்டு அளவில், கடைசிப் பொத்தான் தெரிகிறதா?
2. சன்னல் அகலாவிட்டால் உள்ளே உருட்ட முடிகிறதா?
3. சுட்டி இல்லாமல் ‘டேப்’ விசையால் மட்டும் முதல் கேள்வியிலிருந்து ‘அனுப்பு’ வரை போக முடிகிறதா?
4. நீளமான தமிழ்ச் சொல் முழுதாகத் தெரிகிறதா? புள்ளியும் உகரக் காலும் வெட்டுப்படாமல் இருக்கின்றனவா?
5. பாதியில் நின்றால் செய்த வேலை மிஞ்சுமா?

மூன்றுக்கு மேல் ‘இல்லை’ என்றால் அந்த நிரலை வீட்டுப்பாடத்துக்குக் கொடுக்காதீர்கள். ஒன்று ‘இல்லை’ என்றாலும் தயாரித்தவருக்கு எழுதுங்கள். திரையைப் படம் பிடித்து, எந்த அளவில் எது மறைகிறது என்று புள்ளிக்கணக்கோடு எழுதுங்கள். ‘சரியாக வேலை செய்யவில்லை’ என்ற புகாரை விட ‘157 புள்ளி வெளியே போகிறது’ என்ற புகாருக்கு மதிப்பு அதிகம்.

தேர்வு மாணவர்களுக்கு ஒரு சொல். திறனாய்வு எழுதும்போது ‘நன்று’, ‘நன்றன்று’ என்று தீர்ப்பு மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பொருளின் நோக்கம் என்ன, அந்த நோக்கத்தை அது எட்டுகிறதா, எட்டாததற்குக் காரணம் என்ன, யார் பாதிக்கப்படுகிறார்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். எதிர்வாதத்துக்கும் ஒரு பத்தி கொடுங்கள். கவிதை ஆனாலும் கணினிச் சன்னல் ஆனாலும் முறை ஒன்றுதான். இன்னொன்று: பொத்தான் காணவில்லை என்றால் உங்கள் ஆசிரியரிடம் இரண்டாம் முறையும் கேளுங்கள். முதல் முறை அவர் என்னைப் போல அவசரத்தில் இருந்திருக்கலாம்.

அந்த மாணவியின் பெயருக்கு நேரே இருந்த ‘செய்யவில்லை’ என்பதை அவள் முன்னாலேயே அடித்துவிட்டு, 40க்கு 34 என்று எழுதினேன். சில மாதம் கழித்துப் போலிடெக்னிக் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யப் பள்ளிக்கு வந்தாள். இடையில் ஒரு சன்னல் திரைக்கு வெளியே போய் நின்றது. நான் எழுந்து வருவதற்குள் ‘டேப்’ விசையைத் தட்டித் தட்டிக் கடைசிப் பொத்தானுக்குப் போய்விட்டாள். "இது இவங்க தப்பு டீச்சர், என் தப்பு இல்லை" என்றாள்.

அன்று அவள் கற்றுக்கொண்டதை மற்ற பிள்ளைகளுக்கும் நாம் சொல்லிக் கொடுப்போம்.